பாதி எழுந்த மனிதர்

மூன்றாவது தடவையாக நான் கணினி அமைப்பியல் பாடத்தில் தோற்றபோது, எங்கள் ஆசிரியை இபு ரெத்னோ என் விடைத்தாளைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்து, சாயம் போகுமா என்று துணியைப் பார்ப்பவர்போல் பார்த்தார்.

"மூணு தடவ எழுதிட்ட பெனி. உன் கையெழுத்து மட்டும் நல்லா முன்னேறியிருக்கு."

"நன்றிங்க மேடம்."

"அது பாராட்டு இல்ல."

"தெரியுதுங்க. வேற எதுவும் கெடைக்கல, அதான் எடுத்துக்கிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. விரலால் ஒரு இடத்தைத் தட்டினார். அங்கே சிவப்பு மையில் ஒரு வட்டம் இருந்தது.

"இந்தக் கேள்வியப் படி."

"சுழியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஏன் ஓர் இடைவெளி விடப்பட்டிருக்கிறது?"

"நீ என்ன எழுதியிருக்க?"

"‘அது வழக்கம்’னு."

"கல்யாண வீட்டுக் கேள்வியா இது?"

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கம்பியில் மின்னழுத்தம் கீழே இருந்தால் அது சுழியம், மேலே இருந்தால் ஒன்று. நடுவில் தொங்கினால் இரண்டும் இல்லை. எங்கள் பாடப்புத்தகம் அந்த நடுப்பகுதியைத் தடைசெய்யப்பட்ட பகுதி என்கிறது. தடை போட்டது யார், ஏன் போட்டார், மீறினால் என்ன ஆகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. மூன்று வருடமாக அடக்கத்துடன் தெரியாமல் இருந்தேன்.

எனக்கு ஒன்றுமே வராது என்று சொல்ல முடியாது. போன வருடச் செய்முறைத் தேர்வில் ஒரு பலகையில் சிப்புகளைச் செருகி, புத்தகத்துப் படத்தில் இருந்தபடியே கம்பிகளை இணைத்து, கூட்டல் செய்யும் சுற்று ஒன்றைக் கட்டினேன். அது வேலை செய்தது. நானே ஆச்சரியப்பட்டேன். இபு ரெத்னோ வந்து ஒரு மஞ்சள் கம்பியைப் பிடுங்கினார்.

"இப்ப என்ன ஆகும்?"

"வேல செய்யாதுங்க."

"ஏன்?"

"நீங்க கம்பியப் பிடுங்கிட்டீங்க."

அந்த விடைக்கும் ஒரு சிவப்பு வட்டம் கிடைத்தது.

இந்த வருடம் அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "கடைசியா ஒன்னு தர்றேன். சிப் கூடாது, கம்பி கூடாது, கரண்டே கூடாது. ரெண்டு எண்ணக் கூட்டுற மாதிரி ஒன்னு கட்டிக் காட்டு. சுழியமும் சுழியமும், சுழியமும் ஒன்னும், ஒன்னும் சுழியமும், ஒன்னும் ஒன்னும். நாலே கணக்கு. அது தானா கூட்டணும். ஓடும்போது நீ வாயத் தெறக்கக் கூடாது. ஆகஸ்ட் இருவதுக்குள்ள."

"இல்லன்னா?"

"இல்லன்னா உன் பேர அடிச்சிருவாங்க. ஊருக்குக் கப்பல் ஏறிக்கலாம்."

ஊர் என்றால் ஃபுளோரஸ் தீவில் மௌமெரே. அங்கே என் அம்மா நான்கு வருடமாக எல்லோரிடமும் "பெனி ஜாவாவுல கம்ப்யூட்டர் படிச்சுக்கிட்டிருக்கான்" என்று சொல்லி வருகிறாள். அதில் பொய் ஏதும் இல்லை. படித்துக்கொண்டேதான் இருந்தேன்.

*

ஜாவாவில், மலாங் நகரத்தில் எங்கள் விடுதி ஒரு சந்தின் கடைசியில் இருக்கிறது. ஒன்பது அறைகள். ஜூலை முதல் வாரத்திலேயே எட்டு அறைகளில் பூட்டுத் தொங்கியது. எல்லோரும் பேருந்தோ ரயிலோ பிடித்தால் சாயங்காலத்துக்குள் வீடு போய்ச் சேர்கிறவர்கள். வாசலில் செருப்பு வைக்கும் தட்டில் எட்டு ஜோடிப் பழைய செருப்புகள் இருந்தன, நான் காவல் காக்க.

நான் பேசும் சொற்களை எண்ணிப் பார்க்கும் பழக்கம் அப்போதுதான் வந்தது. திங்கட்கிழமை நான்கு சொற்கள்: "ஒரு கிண்ணம். காரம் கூட." செவ்வாய்க்கிழமை அதே நான்கு. புதன்கிழமை மழை, சூப்பு வண்டி வரவில்லை, சுழியம். வியாழக்கிழமை குடிதண்ணீர்க் குடுவையை மாற்றும்போது காலில் போட்டுக்கொண்டு ஒரு சொல் சொன்னேன். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சந்தில் உள்ளவர்கள் கெட்டவர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நடந்து போகும்போது வாசலில் இருக்கும் ஒவ்வொருவரும் புன்னகையோடு "உள்ள வாங்க தம்பி!" என்று அழைப்பார்கள். வந்த முதல் மாதத்தில் அப்படி அழைத்த ஒரு வீட்டுக்குள் நான் போய்விட்டேன். அது சந்துத் தலைவர் பாக் ஹர்தோயோவின் வீடு. இங்கே மரியாதைக்கு ஆண்கள் பெயருக்கு முன்னால் பாக் என்றும், பெண்கள் பெயருக்கு முன்னால் இபு என்றும் சேர்ப்பார்கள். அவர் மனைவி கையில் துவைத்த துணியோடு நின்றார். தலைவர் தொலைக்காட்சியை அணைத்தார். தேநீர் வந்தது. மூவரும் சுவரில் இருந்த நாட்காட்டியை இருபது நிமிடம் பார்த்தோம். அது வணக்கம் சொல்லும் முறை என்றும், அதற்கு "சரிங்க" என்று சொல்லிவிட்டு நடப்பதுதான் பதில் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். நான்கு வருடத்தில் ஏறக்குறைய மூவாயிரம் முறை அழைக்கப்பட்டிருக்கிறேன். வேறு எவனுக்கும் இவ்வளவு அழைப்பு வந்திருக்காது.

மின்சாரம் இல்லாத கம்ப்யூட்டரை முதலில் செருப்புகளை வைத்துத்தான் கட்டிப் பார்த்தேன். விடுதிக் கூடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, ஆறு செருப்புகளை வைத்தேன். செருப்பை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தால் ஒன்று, படுக்க வைத்தால் சுழியம். முதல் இரண்டும் கூட்ட வேண்டிய எண்கள். மூன்றாவது, அந்த இரண்டில் எது நிமிர்ந்தாலும் தானும் நிமிரும். நான்காவது, இரண்டும் நிமிர்ந்தால் மட்டுமே நிமிரும். ஐந்தாவது, நான்காவதற்கு நேர்மாறு: அது நிமிர்ந்தால் இது படுக்கும், அது படுத்தால் இது நிமிரும். ஆறாவது, மூன்றாவதையும் ஐந்தாவதையும் பார்த்து, இரண்டும் நிமிர்ந்திருந்தால் நிமிரும். கடைசியில் நான்காவது நிமிர்ந்திருந்தால் இரண்டு, ஆறாவது நிமிர்ந்திருந்தால் ஒன்று. அதுதான் விடை.

பொறுமையாக நான்கு கணக்கையும் போட்டேன். நான்கும் சரியாக வந்தன. சிமென்ட் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறில் ஒரு செருப்புக்கும் கூட்டல் தெரியாது. ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் உள்ள ஒன்றையோ இரண்டையோ மட்டும் பார்க்கிறது, எழுகிறது, படுக்கிறது. கூட்டல் என்பது எந்தச் செருப்பிலும் இல்லை, இடையில் எங்கேயோ இருக்கிறது. உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் இதே செருப்புக் கூட்டம்தான், எண்ணிக்கையில் கொஞ்சம் கூட. மூன்று வருடத்தில் முதல்முறையாக எனக்கு ஒன்று புரிந்தது. சொல்வதற்கு ஆள் இல்லை. தண்ணீர்க் குடுவையிடம் சொன்னேன்.

ஆனால் செருப்பைத் தூக்கி வைத்ததெல்லாம் நான். அது தானாகக் கூட்ட வேண்டும் என்றார் இபு ரெத்னோ. தானாக எழுந்து உட்காரும் பொருள் என்று யோசித்தால் மனிதர்கள்தான் கிடைத்தார்கள். ஆறு பேர் வேண்டும். எனக்குத் தெரிந்தவர்களைப் பட்டியல் போட்டேன். ஒருவர் வந்தார்.

*

அந்த ஒருவர் பாக் சார்பின். சாயங்காலம் நான்கு மணிக்கு இறைச்சி உருண்டைச் சூப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு, கரண்டியால் கிண்ணத்தைத் தட்டியபடி வருவார். ஐம்பது வயது இருக்கும், தலையில் எப்போதும் ஒரு சாம்பல் நிறத் தொப்பி. அவர் வாயில் "இல்லை" என்ற சொல் வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஒருநாள் சூப்போடு கடித்துக்கொள்ளும் பொரித்த மாவு மடக்கு கேட்டேன். "இன்னும் ஆகல தம்பி" என்றார். ஆகட்டும் என்று கிண்ணத்தோடு நின்றேன். அவரும் நின்றார். நாற்பது நிமிடம் கழித்துத்தான், மடக்கு மத்தியானமே தீர்ந்துவிட்டது என்பது எனக்கு விளங்கியது. அதை என் முகத்துக்கு நேராகச் சொல்ல மனமில்லாமல் அவரும் கூட நின்றிருக்கிறார். அடுத்த தெரு வியாபாரம் போச்சு.

"பாக், சுதந்திர தினத்தன்னிக்கு எனக்காக ஒரு எடத்துல உக்காந்து எந்திரிக்கணும்."

"சரி தம்பி."

"எதுக்குன்னு கேக்கலையே?"

"எதுக்கு தம்பி?"

"கம்ப்யூட்டருக்கு."

"சரி தம்பி."

மறுக்கும் வேலைக்கு வாழ்நாளில் மறுக்காத ஒரு மனிதரை நான் எடுத்தது இப்படித்தான். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. கிடைத்த முதல் ஆளை, பிறகு மற்றவர்கள் எடுத்துக்கொண்டதுபோக மிஞ்சிய ஐந்தாவது இடத்தில், அந்த நேர்மாறு இடத்தில், போட்டேன்.

மற்ற ஐந்து பேரையும் பிடிக்க, ஆகஸ்ட் பதினேழு சுதந்திர தின விழாக் குழுக் கூட்டத்துக்குப் போனேன். தொங்கும் அப்பளத்தைக் கையால் தொடாமல் தின்னும் போட்டி, சாக்கு ஓட்டம், வழுக்குக் கம்பம் எல்லாம் முடிந்து, "வேறு ஏதேனும்" என்று தலைவர் பாக் ஹர்தோயோ வாசித்தபோது எழுந்து நின்றேன். விளக்கினேன்.

"இதுல ஜெயிக்கிறது யாரு?" என்றார் துணி வெளுக்கும் கடைக்காரி இபு யாதி. இரண்டு கேள்விக்கு மேல் யாரையும் உயிரோடு விடாதவர்.

"யாரும் ஜெயிக்க மாட்டாங்க அக்கா. விட வரும்."

"விட வந்தா யாருக்கு என்ன? எனக்குத்தான் விட ஏற்கெனவே தெரியுமே. ஒன்னும் ஒன்னும் ரெண்டு. இதுக்கு ஆறு பேரா? காலேஜ்ல இதத்தான் நாலு வருஷமா படிக்கிறியா?"

"மூணு வருஷம் இதே பாடம் அக்கா."

அந்த நேர்மை அவருக்குப் பிடித்துவிட்டது. "சரி, நான் வர்றேன். கடைசி எடத்த எனக்குக் குடு. விடைய நான்தான் சொல்வேன்." ஆறாவது இடம் அவருக்கு. யார் எழுந்தாலும் என்ன என்று எட்டிப் பார்க்க எழுந்துவிடும் எங்கள் விடுதிக்காரி இபு தர்மி மூன்றாவது இடத்துக்குப் பிறவியிலேயே பொருத்தம். சந்து முனையில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் அண்ணன் தம்பி இருவரும் கூட்ட வேண்டிய எண்கள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு எது? அடிக்கடி எந்திரிக்கிற மாதிரி இருக்கக் கூடாது. முட்டி வலி."

"நாலாவது எடம் பாக். நாலு கணக்குல ஒரே ஒரு தடவதான் எந்திரிப்பீங்க."

"அப்ப அதான் தலைவர் எடம்" என்று கூட்டம் ஏகமனதாகத் தீர்மானித்தது. பதாகையில் "கூட்டல் போட்டி" என்று அச்சாயிற்று. போட்டி என்றால் பரிசு வேண்டுமே என்று ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியும் வாங்கப்பட்டது.

ஒரு வாரம் பூப்பந்து மைதானத்தில் ஒத்திகை நடந்தது. தலைவருக்கு வேலை, ஒரு நாளும் வரவில்லை. அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவருக்குப் பதிலாக ஒரு விளக்குமாற்றை நான் தூக்கி இறக்கினேன். விளக்குமாறு எழுந்தால் பாக் சார்பின் உட்காருவார். விளக்குமாறு இறங்கினால் எழுவார். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. நான்கு கணக்கும் நாற்பது முறை சரியாக வந்தது.

"தலைவர மாத்திட்டு இதையே வச்சுக்கலாம். குடும்ப அட்டைல கையெழுத்து வாங்கவும் அலைய வேண்டியதில்ல" என்றார் இபு யாதி விளக்குமாற்றைக் காட்டி.

அந்த வாரத்தில் சொற்களை எண்ணவில்லை. எண்ண மறந்துபோனது என்பதே ஒரு வாரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

*

ஆகஸ்ட் பதினேழு. கயிறு முழுக்கச் சிவப்பு வெள்ளைக் கொடிகள். அப்பளப் போட்டி முடிந்து எல்லோர் முகவாயிலும் துணுக்குகள் ஒட்டியிருந்தன. இபு ரெத்னோ ஒரு துணித் தொப்பியும் நோட்டுமாக வந்து, மைதானத்துக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்தில், வாயை மூடிக்கொண்டு.

தலைவர் பாத்திக் சட்டையில் வந்து நான்காவது நாற்காலியில் அமர்ந்தார். அவர் வந்தபோது எல்லோரும் எழுந்தார்கள். அவர் அமர்ந்தபோது எல்லோரும் அமர்ந்தார்கள்.

"சுழியம், சுழியம்" என்றார் இபு ரெத்னோ.

அண்ணனும் தம்பியும் உட்கார்ந்தே இருந்தார்கள். இபு தர்மி எழவில்லை. தலைவர் எழவில்லை. தலைவர் உட்கார்ந்திருந்தால் பாக் சார்பின் எழ வேண்டும். எழுந்தார். ஆனால் தலைவர் உட்கார்ந்திருக்க அவர் தலைக்கு மேல் தன் தலை தெரிய எப்படி நிற்பது? தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்து, இடுப்பை வளைத்து, முட்டியை மடக்கி, பாதியில் நின்றார். பெரியவர்களுக்குக் குறுக்கே போகும்போது எங்கள் சந்தில் எல்லோரும் எடுக்கும் அதே கூனல். ஒரே வித்தியாசம், அவர் போகவில்லை; அங்கேயே இருந்தார்.

இபு யாதி எட்டிப் பார்த்தார். எப்படியும் இபு தர்மி உட்கார்ந்திருந்ததால் அவரும் உட்கார்ந்திருந்தார். விடை சுழியம். சரி. கைதட்டல்.

"சுழியம், ஒன்னு."

தம்பி எழுந்தான். இபு தர்மி என்ன என்று பார்க்க எழுந்தார். தலைவர் உட்கார்ந்திருந்தார். பாக் சார்பின் இன்னும் அதே வளைவில்.

"யோவ் சார்பின், நிக்கிறியா உக்காந்திருக்கியா?" என்று கத்தினார் இபு யாதி.

பாக் சார்பின் புன்னகைத்தார்.

"சிரிக்கிறான் பாரு. சரி, உக்காந்திருக்கான்னு வச்சுக்கிறேன்" என்று இபு யாதி எழாமல் இருந்துவிட்டார். விடை சுழியம். தப்பு. அடுத்து ஒன்றும் சுழியமும். அதே வளைவு, அதே சுழியம்.

"ஒன்னு, ஒன்னு."

அண்ணன் தம்பி இருவரும் எழுந்தார்கள். இபு தர்மி எழுந்தார். தலைவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக எழுந்தார். இப்போது பாக் சார்பின் உட்கார வேண்டும். தலைவர் நிற்கும்போது உட்காருவதா? மனிதர் உட்காரத்தான் பார்த்தார். நாற்காலியை அவர் உடம்பு ஏற்கவில்லை. அதே பாதி, இம்முறை மேலிருந்து கீழாக. கூட்டம் "எந்திரி யாதி, எந்திரி!" என்று கூவ, போன இரண்டு தடவையும் தப்பாய்ப் போன ஆத்திரத்தில் இபு யாதி துள்ளி எழுந்தார். தலைவர் இரண்டு, யாதி ஒன்று. மூன்று.

ஆக எங்கள் சந்தின் கம்ப்யூட்டரில் சுழியமும் ஒன்றும் சுழியம், ஒன்றும் சுழியமும் சுழியம், ஒன்றும் ஒன்றும் மூன்று. நான்கு விடைகளையும் சேர்த்துப் பார்த்தால் வர வேண்டியதற்கு ஒன்றுதான் குறைவு. இதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். இபு ரெத்னோ பார்த்தார். மூடிக்கொண்டேன்.

"சாக்கு ஓட்டம் முடியட்டும். இன்னொரு தடவ பாக்கலாம். அதோட நான் கெளம்பணும்" என்றார் நோட்டை மூடி.

பாக் சார்பின் என்னிடம் வந்தார். தொப்பி இன்னும் மார்பிலேயே இருந்தது.

"மன்னிக்கணும் தம்பி. வெளக்குமாறுன்னா எனக்கு வருது."

"தெரியும் பாக்."

"நான் நேராத்தான் எந்திரிக்கணும்னு நெனக்கிறேன். தலைவர் மொகத்தப் பாத்ததும் முதுகு தானா வளையுது. அது என் பேச்சக் கேக்கல."

பிள்ளைகள் சாக்குக்குள் குதித்து விழுந்துகொண்டிருந்தார்கள். கப்பல், மௌமெரேத் துறை, அம்மாவின் முகம் என்று எனக்கு வரிசையாகத் தெரிந்தது. வேறு ஆளைப் போடலாம். யாரைப் போட்டாலும் இதே முதுகு. இந்தச் சந்தில் வேறு முதுகு கிடையாது. தலைவரை மாற்றலாம், அதைத் தலைவரிடம் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

வெளக்குமாறுன்னா வருது. விளக்குமாற்றைப் பிடித்திருந்தது யார்?

பாடப்புத்தகத்தில் பஃபர் என்று ஒரு உறுப்பு உண்டு. ஒன்று வந்தால் ஒன்று என்கும், சுழியம் வந்தால் சுழியம் என்கும். அவ்வளவுதான் அதன் வேலை. வந்ததையே திருப்பிச் சொல்ல எதற்கு ஒரு உறுப்பு என்று அந்தப் பக்கங்களை மூன்று வருடமும் புரட்டித் தள்ளியிருக்கிறேன். இந்தப் பக்கத்துப் பாரம் அந்தப் பக்கத்தின்மேல் விழாமல் நடுவில் நிற்பதற்குத்தான் அது என்று அங்கே எழுதியிருந்திருக்க வேண்டும்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், தலைவருக்கும் பாக் சார்பினுக்கும் நடுவில் போட்டேன்.

"பாக், தலைவரப் பாக்க வேணாம். அவரு செய்றத நான் செய்வேன். நீங்க என்ன மட்டும் பாருங்க. நான் செய்றதுக்கு நேர்மாறா செய்ங்க."

"உங்கள எதுத்தா?"

"ஆமா."

"கோச்சுக்க மாட்டீங்களே தம்பி?"

"மாட்டேன்."

இபு ரெத்னோவைத் திரும்பிப் பார்த்தேன். ஓடும்போது பேசக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார். உட்காரக் கூடாது என்று சொல்லவில்லை. அவர் தலையை அசைத்தார்.

"சுழியம், சுழியம்."

தலைவர் உட்கார்ந்திருந்தார். நான் உட்கார்ந்திருந்தேன். பாக் சார்பின் என் முகத்தைப் பார்த்தார். ஒரு மூச்சு. எழுந்தார். முழுதாக. அவர் இவ்வளவு உயரம் என்று எனக்கு அதுவரை தெரியாது. வண்டிக்குப் பின்னால் எப்போதும் குனிந்தேதான் பார்த்திருக்கிறேன். என் கண் முன்னால் அவர் இடுப்புப் பட்டையும், அதில் தொங்கிய கரண்டி துடைக்கும் துணியும் மட்டும் தெரிந்தன. விடை சுழியம்.

"சுழியம், ஒன்னு." இபு தர்மி எழுந்தார். பாக் சார்பின் அசையாமல் நின்றார், கம்பம்போல. இபு யாதி ஒரு பார்வை பார்த்து, சந்தேகம் இல்லாமல் எழுந்தார். ஒன்று.

"ஒன்னு, சுழியம்." ஒன்று.

"ஒன்னு, ஒன்னு." எனக்குப் பின்னால் தலைவரின் முட்டி சொடுக்கியது. நான் எழுந்தேன். நிமிர்ந்து நின்றதும் தலைவர் என் முதுகுக்குப் பின்னால் முழுக்க மறைந்துபோனார். நான் எழுந்த அதே நொடியில் பாக் சார்பின் உட்கார்ந்தார். தயக்கமே இல்லை. பேருந்தில் இடம் கிடைத்தவர்போல் சாய்ந்து உட்கார்ந்தார். இபு யாதி தானும் உட்கார்ந்து, "ரெண்டு! நான்தான் அன்னிக்கே சொன்னேனே!" என்று ஊருக்கே அறிவித்தார்.

கைதட்டலில் நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். என்னை எதிர்க்க அவருக்குக் கூச்சமே இல்லை. என்னைத் தன் மனிதனாக நினைத்ததாலா, அல்லது விளக்குமாறாக நினைத்ததாலா? நான்கு வரி அட்டவணையில் இதற்கு ஒரு வரி இல்லை.

இபு ரெத்னோ நோட்டோடு வந்தார். "ஒரு கேள்வி. சுழியத்துக்கும் ஒன்னுக்கும் நடுவுல ஏன் எடவெளி விட்டிருக்கு?"

"நடுவுல நிக்கிறவர நிக்கிறார்னும் சொல்ல முடியாது, உக்காந்தார்னும் சொல்ல முடியாதுங்க. பாக்குற ஆளு தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கும். ஒருக்கா இப்படி, ஒருக்கா அப்படி. அதான் அங்க யாரும் நிக்கக் கூடாதுன்னு வச்சிருக்காங்க."

"போன தடவ ‘வழக்கம்’னு எழுதின."

"வழக்கம்தான் கெடுத்துச்சு மேடம்."

அவர் தொப்பியைச் சரிசெய்வதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார். நோட்டில் ‘தேர்ச்சி’ என்று எழுதினார். அதற்குக் கீழே தேர்ச்சிக்கு வேண்டிய மிகக் குறைந்த மதிப்பெண்ணையும் எழுதி, "கையெழுத்து இன்னும் முன்னேறட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டல் போட்டியின் முதல் பரிசான பிளாஸ்டிக் தொட்டி, ஒரே ஒரு முறை எழுந்ததற்காகத் தலைவருக்கு வழங்கப்பட்டது.

*

மறுநாள் கொடிக் கயிறுகளை அவிழ்த்துவிட்டார்கள். மைதானத்தில் பூப்பந்து விளையாடினார்கள். நான்கு பேர் ஆட்டம், ஆள் சரியாக இருந்தது. சந்தில் நடந்தேன். தலைவர் வாசலில் புதுத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "உள்ள வாங்க தம்பி!" என்றார். "சரிங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். விடுதியில் எட்டுப் பூட்டுகள் அப்படியே இருந்தன. ஆறு செருப்புகள் கூடத்தில் சுண்ணக்கட்டிக் கோட்டின்மேல் கிடந்தன, கடைசிக் கணக்கின் விடையோடு. அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். "கூட்டல் பாஸ்" என்றால் அவள் ஊரில் எப்படிச் சொல்வாள் என்று யோசித்து, "பாஸ்" என்று மட்டும் அனுப்பினேன். அன்றைக்கு நான்கு மணி வரை பேசியது ஒரே சொல். மறுபடி எண்ணத் தொடங்கியிருந்தேன்.

நான்கு மணிக்குக் கிண்ணம் தட்டும் சத்தம் கேட்டது.

வண்டியருகில் இபு யாதி நின்றிருந்தார். "சார்பின், பொரிச்ச மடக்கு இருக்கா?"

"இன்னும் ஆகலங்க" என்றார் பாக் சார்பின், தொப்பியைத் தொட்டுக் குனிந்து.

"சரி, ஆகட்டும்" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனார் அவர். இந்த ஊர்க்காரர்; அதற்கு அர்த்தம் தெரியும்.

என் முறை வந்தது. என்ன கேட்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாய் கேட்டுவிட்டது.

"பாக், எனக்கு மடக்கு இருக்கா?"

பாக் சார்பின் என்னைப் பார்த்தார். நேற்று நாற்காலியிலிருந்து பார்த்த அதே பார்வை. ஒரு மூச்சு.

"இல்ல" என்றார்.

குனியவில்லை. புன்னகைக்கவில்லை. சொல்லிவிட்டு, தானே ஏதோ சூடானதைத் தொட்டுவிட்டதுபோல் கரண்டியைப் பார்த்தார். பிறகு என் கிண்ணத்தில் எப்போதும்போல் காரத்தைக் கூடப் போட்டார்.

கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அறைக்கு வந்தேன். விளக்குமாற்றிடம் யாரும் ‘இல்ல’ என்று சொல்வதில்லை.